வாசகர் கேள்விகள்: தோற்ற பிறகு என்ன செய்தார்?

‘தி அப்ரெண்டிஸ்’ தொலைக்காட்சிப் போட்டியின் அமெரிக்க, பிரிட்டன் பதிப்புகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது, ஒரு போட்டியாளர் எத்தனை பணிகளில் வென்றார் என்பதை விட, அணி தோற்றபோது எப்படி நடந்துகொண்டார் என்பதையே நான் கவனிப்பேன் என்று குறிப்பிட்டிருந்தேன். அந்தத் தொடர்களில் ஒரு தொழிலதிபர் (அமெரிக்காவில் டொனால்ட் டிரம்ப், பிரிட்டனில் ஆலன் ஷுகர்) அணிகளுக்கு வாரந்தோறும் ஒரு வணிகப் பணி தந்து, தோற்ற அணியிலிருந்து ஆள் நீக்கி, கடைசியில் ஒருவரைத் தேர்ந்தெடுத்தார். அதை ஏற்றும் மறுத்தும் வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: அமெரிக்காவின் முதல் சீசனில், ஹார்வர்டில் மேலாண்மை படித்து, கோல்ட்மேன் சாக்ஸ் முதலீட்டு வங்கியில் வேலை பார்த்த குவாமே ஜாக்சன் தோற்றார், சிகார் விற்ற பில் ரான்சிக் வென்றார். படிப்புக்கு மரியாதை அவ்வளவுதானா?

பதில்: படிப்பு அங்கே தோற்கவில்லை. 16 பேரில் கடைசி இருவரில் ஒருவராகக் குவாமே வந்ததற்கு அவருடைய நிதானமும், யாரையும் புண்படுத்தாத பேச்சும் முக்கியக் காரணங்கள். எனக்கும் அவரைப் பிடிக்கும். ஆனால் 2004 ஏப்ரலில் ஒளிபரப்பான இறுதிப் பணியைச் சற்று நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். பில்லுக்கு ஒரு கோல்ஃப் போட்டியை நடத்தும் பொறுப்பும், குவாமேக்கு அட்லாண்டிக் சிட்டியில் ஜெசிகா சிம்ப்சனின் இசை நிகழ்ச்சியை நடத்தும் பொறுப்பும் தரப்பட்டன. முன்பே வெளியேற்றப்பட்டவர்கள் இருவருக்கும் உதவியாளர்களாகச் சேர்க்கப்பட்டனர். அப்படிக் குவாமேயின் குழுவில் சேர்ந்தவர்களில் ஒருவர் ஒமரோசா. பாடகியை அழைத்து வரும் ஏற்பாட்டில் குழப்பம் நேர்ந்தபோது, ஒமரோசா நடந்ததைத் தலைவரிடம் நேராகச் சொல்லவில்லை என்பதைப் பார்வையாளர்கள் அனைவரும் கண்டோம். குவாமே வருத்தப்பட்டார், ஆனால் அவரைக் குழுவிலிருந்து விலக்கவில்லை. காரணம் கேட்கப்பட்டபோது, விலக்கும் அதிகாரம் தமக்கு இருப்பதே தெரியாது என்றார்.

என் மனத்தில் அவர் தோற்றது அந்தப் பதிலில்தான். அதிகாரம் உண்டா என்று கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கலாம். இல்லை என்றே வைத்துக்கொண்டாலும், முக்கியமான வேலையை ஒமரோசாவின் கையிலிருந்து எடுத்து வேறொருவரிடம் கொடுப்பதற்கு யாருடைய அனுமதியும் தேவைப்பட்டிருக்காது. பில், சிகாகோவில் தன் தொழிலைத் தானே தொடங்கி நடத்தியவர். ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டால் வேலை முடிந்துவிடும் என்று நம்பாத குணம் அங்கிருந்து வந்தது என்பது என் கணிப்பு. அந்தக் குணத்தை ஹார்வர்டிலும் கற்கலாம், கடைத்தெருவிலும் கற்கலாம்.

கேள்வி: அதே சீசனின் முதல் வாரங்களில் பெண்கள் அணி தொடர்ந்து வென்றது. அழகைக் காட்டி விற்றார்கள் என்று பலர் எழுதினார்கள். உங்கள் கருத்தும் அதுதானா?

பதில்: பாதி உண்மை. நியூயார்க் தெருக்களில் எலுமிச்சைச் சாறு விற்கும் முதல் பணியில் அவர்கள் முத்தம் தருவதாகச் சொல்லி விற்றதை நான் பாராட்டவில்லை. பின்னர் அவர்களுக்கு அது குறித்து எச்சரிக்கையும் விடுக்கப்பட்டது. ஆனால் அதே நாளில் ஆண்கள் அணி என்ன செய்தது? மீன் சந்தைப் பக்கம் கடை போட்டது. ஒரு குவளைச் சாற்றை 1,000 டாலருக்கு விற்றுக் காட்டுகிறேன் என்று சாம் சோலவே ஒருவரைப் பிடித்துக்கொண்டு நேரத்தைக் கழித்தார். குளிர்பானத்துக்கு எந்த இடத்தில் ஆள் நிற்பார் என்று யோசித்தவர்கள் பெண்கள், யோசிக்காதவர்கள் ஆண்கள். முத்தத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, இடத் தேர்வை மறந்துவிடுவது அந்த அணிக்குச் செய்யும் அநியாயம்.

கேள்வி: இரண்டாம் சீசனில் பிராட்ஃபோர்டு கோஹன் தன் பாதுகாப்பைத் தானே விட்டுக்கொடுத்தார். துணிச்சலுக்குக் கிடைத்த பரிசு வெளியேற்றமா?

பதில்: அதைத் துணிச்சல் என்று என்னால் சொல்ல முடியவில்லை. முந்தைய வாரம் வென்ற அணியின் தலைவராக இருந்ததால் அந்த வாரம் அவரை வெளியேற்ற முடியாது என்ற சலுகை அவருக்கு இருந்தது. அணி தோற்றதும், எல்லோரையும் போல நானும் நிற்கிறேன் என்று அதை உதறினார். தோல்விக்கு அவர் பொறுப்பாளி அல்ல. எனவே அவர் ஏற்றுக்கொள்ள எந்தப் பழியும் அங்கே இருக்கவில்லை. பிறர் கண்ணுக்கு உயர்ந்து தெரிவதற்காக, கையில் இருந்த ஒன்றைப் பயனில்லாமல் செலவழித்தார். அவ்வளவே.

கேள்வி: 2011-இல் பிரிட்டனில் ஹெலன் மில்லிகன் 11 பணிகளில் 10-இல் வென்ற அணியில் இருந்தார். பெரும்பாலும் தோற்ற அணிகளிலேயே இருந்த டாம் பெலரோவை ஆலன் ஷுகர் தேர்ந்தெடுத்தார். அப்படியானால் 11 வாரப் போட்டி எதற்கு? இதில் உங்களுக்குக் கோபம் வரவில்லையா?

பதில்: முதலில் வந்தது. பிறகு அந்த ஆண்டு மாறிய விதியை நினைத்தபோது தணிந்தது. அதற்கு முன்பு வென்றவருக்குக் கிடைத்தது ஆண்டுக்கு 1,00,000 பவுண்டு சம்பளத்தில் ஒரு வேலை. 2011 முதல், வென்றவர் தொடங்கும் நிறுவனத்தில் ஷுகர் 2,50,000 பவுண்டு முதலீடு செய்து, சரிபாதிப் பங்குதாரராகிறார். பரிசு மாறியது, ஆனால் வாரந்தோறும் தரப்படும் பணிகள் ஏறக்குறைய முன்பு போலவே இருந்தன. ஒரே நாளில் வாங்கு, விற்று முடி, பேரம் பேசு, விளம்பரம் எடு என்ற இந்தப் பணிகள் ஒரு நல்ல ஊழியரை, இன்னும் குறிப்பாக ஒரு நல்ல நிர்வாகியை அடையாளம் காட்டும். ஹெலன் அப்படிப்பட்டவர்தான். நேரத்தைப் பிரித்துக் கொடுப்பதிலும், கூச்சலுக்கு நடுவில் வேலையை நகர்த்துவதிலும் அந்தத் தொடரில் அவருக்கு நிகர் இல்லை. பழைய விதி நீடித்திருந்தால் அவர்தான் வென்றிருக்க வேண்டும் என்று இன்றும் நம்புகிறேன்.

ஆனால் பங்குதாரரைத் தேடுபவர் பார்ப்பது வேறு. ஹெலன் கொண்டு வந்தது, பிறருடைய அன்றாட வேலைகளை ஒழுங்கு செய்து தரும் சேவைத் தொழில் திட்டம். அது எடுபடவில்லை என்று தெரிந்ததும் கடைசி நேரத்தில் பேக்கரித் தொழிலுக்குத் தாவினார். அவர் அதுவரை பேக்கரி நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தவர் என்பதால் அது வெறும் கற்பனை அல்ல. இருந்தாலும் முன்பே யோசித்து வைத்த திட்டமும் அல்ல. டாமின் திட்டமும் சிறப்பானது என்று சொல்ல மாட்டேன். முதுகுவலியைக் குறைக்கும் நாற்காலி என்ற அவருடைய யோசனை ஷுகருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவர் போட்டிக்கு வருவதற்கு முன்பே வளைந்த நக அரம் ஒன்றை வடிவமைத்துச் சந்தைக்குக் கொண்டுவந்திருந்தார். ஷுகர் அந்தத் திட்டத்தை ஒதுக்கிவிட்டு அந்த மனிதரில் முதலீடு செய்தார். கூட்டு நிறுவனமும் நகப் பராமரிப்புப் பொருள்களின் வழியிலேயே வளர்ந்தது.

என்னை டாமின் பக்கம் சாய்த்தது இன்னொன்று. அத்தனை வாரங்கள் போர்டு ரூமில், அதாவது யாரை வெளியேற்றுவது என்று விசாரித்து முடிவு செய்யும் அறையில், தோற்ற அணியோடு உட்கார்ந்தவர், பழியை இன்னொருவர் மீது தள்ளுவதில் மிகவும் பலவீனமாக இருந்தார். சில நேரம் அவருடைய மென்மை எரிச்சலூட்டியது. தன் கருத்து சரி என்று தெரிந்தும் அணிக்குள் அதை அழுத்திச் சொல்லாமல் விட்டது அவருடைய உண்மையான குறை. இருந்தும், பத்து ஆண்டுகள் கணக்குப் புத்தகத்தைப் பகிர்ந்துகொள்ள ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், நானும் அவரைத்தான் தேர்ந்தெடுப்பேன். ஹெலனுக்கு அநீதி நடந்தது என்றால், அதைச் செய்தது ஷுகரின் தீர்ப்பு அல்ல. ஊழியரைத் தேடும் தேர்வை வைத்துப் பங்குதாரரைத் தேடிய அமைப்பு.

கேள்வி: தன்விவரக் குறிப்பில் பொய் எழுதிய லீ மெக்குவீன் 2008-இல் வெற்றி பெற்றாரே. தோல்வியில் நேர்மை வேண்டும் என்கிற நீங்கள் இதற்கு என்ன சொல்வீர்கள்?

பதில்: அது தவறான தீர்ப்பு என்றே சொல்வேன். சில மாதங்களே பயின்ற கல்லூரிப் படிப்பை இரண்டு ஆண்டுகள் என்று அவர் எழுதியிருந்தது நேர்காணல் சுற்றில் வெளிப்பட்டது. பட்டம் இல்லாததால் யாரும் அவரைத் தாழ்த்தியிருக்க மாட்டார்கள். ஷுகரே 16 வயதில் பள்ளியை விட்டு வந்தவர். லீ உழைப்பாளி, பிடிபட்டதும் சாக்குச் சொல்லிக்கொண்டிருக்காமல் ஒப்புக்கொண்டார் என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் பிடிபட்ட பிறகு ஒப்புக்கொள்வதும், கேட்கும் முன்பே சொல்வதும் ஒன்றாகாது. அந்தத் தொடரைப் பார்த்துக்கொண்டிருந்த வேலை தேடும் இளைஞர்களுக்கு என்ன செய்தி போயிற்று என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

கேள்வி: எடிட்டர் வெட்டி ஒட்டியதைப் பார்த்துவிட்டு மனிதர்களைத் தீர்ப்பிடுவது நியாயமா?

பதில்: முழு மனிதரைத் தீர்ப்பிடுவது நியாயம் இல்லை. பல மணி நேரம் நீளும் போர்டு ரூம் விவாதம் திரையில் சில நிமிடங்களாகிறது. முகபாவம் ஒரு நொடியிலிருந்தும், அதற்கு முந்தைய சொல் இன்னொரு நொடியிலிருந்தும் வரலாம். ஆகவே, யார் கர்வி, யார் கோபக்காரர் என்பது போன்ற குணச் சான்றிதழ்களை நான் தருவதில்லை. 2005-இல் பிரிட்டனின் முதல் தொடரில் இறுதி வரை வந்த சைரா கானை ‘சத்தம் போடுபவர்’ என்று எத்தனை பேர் எழுதினார்கள்! அதே குரலை ஓர் ஆண் எழுப்பியிருந்தால் அதற்கு உறுதி என்று பெயர் வைத்திருப்பார்கள். யாரைப் போர்டு ரூமுக்கு அழைத்து வந்தார், எந்த விலையை ஒப்புக்கொண்டார், எந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார் என்பன போன்ற முடிவுகளை எடிட்டிங் அவ்வளவு எளிதில் மாற்றிவிட முடியாது. நான் அவற்றோடு நின்றுகொள்கிறேன்.

கேள்வி: 2005 டிசம்பரில் ராண்டல் பிங்கெட் வென்றதும், இரண்டாம் இடம் பெற்ற ரெபெக்கா ஜார்விஸையும் வேலைக்குச் சேர்த்துக்கொள்ளலாமா என்று டிரம்ப் அவரிடம் கேட்டார். ராண்டல் மறுத்தது பெருந்தன்மைக் குறைவாக எனக்குப் பட்டது. வென்றவருக்கு என்ன நஷ்டம்?

பதில்: உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் சிந்திக்க வைத்தது ‘நஷ்டம்’ என்ற அந்தச் சொல்தான். ராண்டல், ஆக்ஸ்ஃபோர்டில் படிப்பதற்கான ரோட்ஸ் உதவித்தொகை பெற்றவர், ஐந்து பட்டங்கள் உடையவர், சொந்த நிறுவனம் நடத்தியவர். அணித்தலைவராக இருந்த பணிகளில் எல்லாம் வென்றவர். அவருக்கு முன்பு மூன்று பேர் வென்றார்கள். பில் ரான்சிக்கிடமோ, கெல்லி பெர்டியூவிடமோ, கெண்ட்ரா டாடிடமோ, உங்கள் வெற்றியை இரண்டாம் இடத்தவருடன் பகிர்ந்துகொள்கிறீர்களா என்று யாரும் கேட்கவில்லை. அந்த மேடையில் வென்ற முதல் கறுப்பினத்தவரிடம் மட்டும், நேரடி ஒளிபரப்பில், வாழ்த்துகளின் நடுவில் அந்தக் கேள்வி வந்தது. இந்த ஆட்டத்தில் வெல்பவர் ஒருவரே என்ற விதியோடுதான் எல்லோரும் உள்ளே வந்தார்கள். ஒரு நபரைத் தேர்ந்தெடுப்பதானால் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள் என்ற பொருளில் அவர் அமைதியாக மறுத்தார்.

தோற்ற பிறகு என்ன செய்தார் என்று பார்க்கும் நான், இங்கே வென்ற பிறகு என்ன செய்தார் என்று பார்க்கிறேன். கைதட்டல் நின்றுவிடும் என்று தெரிந்தும், தான் சம்பாதித்ததைத் தன்னுடையது என்று சொன்னார். அதைக் கஞ்சத்தனம் என்று என்னால் எழுத முடியாது. ரெபெக்கா கணுக்கால் எலும்பு முறிந்த பிறகும் ஊன்றுகோலோடு போட்டியைத் தொடர்ந்தவர்; அந்த உறுதிக்கு என் மதிப்பு என்றும் உண்டு. அவரும் அன்றைய மேடையோடு நின்றுவிடவில்லை. பின்னர் ஏபிசி நியூஸில் பொருளாதாரச் செய்தியாளராகப் பெயர் பெற்றார்.