கடலடி எதிரொலி: கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கப்பலிலிருந்து கடலடிக்கு ஒலி அனுப்பி, திரும்பும் எதிரொலியைக் கோடுகளாக வரைந்த 3.5 கிலோஹெர்ட்ஸ் பதிவு ஒன்று கைக்கு வந்திருக்கிறது, சார். முதலில் எதைப் பார்ப்பது?

பதில்: அளவுகோலை. செங்குத்தாகப் பல மடங்கு இழுத்துத்தான் இந்தப் பதிவுகளை அச்சிடுவார்கள். செங்குத்துப் பாறைபோல் மிரட்டுவது பெரும்பாலும் ஓரிரு டிகிரிச் சாய்வாக இருக்கும். அப்புறம் நேரத்தை ஆழமாக மாற்றுங்கள். மென்மையான வண்டலில் ஒலி விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும். பதிவில் இருப்பது போய்வரும் நேரம் என்பதால் ஒரு மில்லிவிநாடிக்கு 75 சென்டிமீட்டர்தான், ஒன்றரை மீட்டர் அல்ல.

கேள்வி: கறுப்பாக, அழுத்தமாகத் தெரிந்தால் அது மணல்தானே?

பதில்: இல்லை. எதிரொலியின் வலு, அடுத்தடுத்த இரண்டு அடுக்குகளின் ஒலித்தடை (அடர்த்தியை வேகத்தால் பெருக்கினால் வருவது) எவ்வளவு வேறுபடுகிறது என்பதைத்தான் சொல்லும். மணல், இறுகிய களிமண், வாயுக் குமிழிகள் எல்லாமே அழுத்தமான கோடு தரும். கருவியில் கெயினை (எதிரொலியைப் பெருக்கிக் காட்டும் அளவை) ஏற்றினாலும் கறுக்கும். கோர் (கடலடியில் குழாயை இறக்கி எடுக்கும் மண் மாதிரி) எடுத்துப் பார்க்காமல் மணல் என்று எழுதாதீர்கள்.

கேள்வி: எங்கள் பதிவில் மூன்று விதம் தெரிகிறது: தெளிவான இணைகோடுகள், அடிக்கோடே (தளத்துக்குக் கீழுள்ள அடுக்கைக் காட்டும் கோடு) இல்லாத தடித்த மங்கல் எதிரொலி, உள்ளே ஒன்றும் தெரியாத வில்லை வடிவம். எது எந்தப் படிவு?

பதில்: நல்ல கேள்வி. 1970களில் டாமுத் என்பவர் மேற்கு அட்லாண்டிக்கின் நிலநடுக்கோட்டுப் பகுதியில் எதிரொலி வகைகளைப் பிரித்து, கோர்களோடு ஒப்பிட்டார். தெளிவான அடிக்கோடுகள் தொடர்ந்து வந்த இடங்களில் மணல் அடுக்கு மிகக் குறைவு, அல்லது இல்லவே இல்லை. அங்கே நுண்துகள்கள் நிதானமாகப் படிந்திருக்கின்றன. அடிக்கோடு இல்லாமல் எதிரொலி நீண்டு மங்கிய இடங்களில் கரடான மணலும் வண்டலும் அடுக்கடுக்காக நிறைய. கலங்கல் நீரோட்டம், அதாவது மண்ணைச் சுமந்துகொண்டு கடலடிச் சரிவில் பாயும் நீர், கொண்டுவந்து கொட்டியது அது. ஒலி அந்த அடுக்குகளில் சிதறிப்போவதால் உள்ளே இறங்குவதில்லை.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. சேறும் மண்கட்டியும் மொத்தமாக வழுக்கி ஓடினால் பழைய அடுக்குகள் கலைந்துபோகும். உள்ளே ஒலியைத் திருப்பியனுப்ப ஒழுங்கான பரப்பு இருக்காது, அதனால் வெறுமையாகத் தெரியும். ஓரத்தில் மெலிந்து முடிகிறதா, அடியில் உள்ள அடுக்குகளை அரித்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் சரிவுப் பாய்வு என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். ஆனாலும் கோர் எடுங்கள்.

கேள்வி: வெளிர் நிறத்தில் தெரிந்தால் களிமண் என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: இரண்டாம் கேள்வியைத் தலைகீழாக்கிக் கேட்கிறீர்கள். பதில் அதேதான்.

கேள்வி: எங்கள் கண்டச் சரிவில் அடுக்குகள் அலை அலையாக மடிந்திருக்கின்றன. மண் மெதுவாக நகர்ந்து மடிந்தது என்று அறிக்கையில் எழுதிவிட்டேன்.

இன்னொருவர்: அவசரம். அது நீரோட்டம் கட்டிய வண்டல் அலை. நகர்வே இல்லை.

முதலாமவர்: பள்ளத்துக்குப் பள்ளம் அடுக்கு அறுந்திருக்கிறதே, ஐயா. வண்டல் அலையில் எப்படி அறும்?

பதில்: இந்தச் சண்டை பழையது. கலிபோர்னியாவுக்கு அப்பால் கடலடியில் ஓரிடத்துக்கு ஹம்போல்ட் மண்சரிவு என்று பெயரே வைத்துவிட்டார்கள். அதன் பிறகும் அது மண்சரிவா, வண்டல் அலையா என்று அடித்துக்கொண்டார்கள். வண்டல் அலையில் மேட்டுப் பக்கச் சரிவில் அதிகம் படியும். அதனால் முகடு ஏற்றத்தை நோக்கி நகரும், அடுக்கு பள்ளத்தைக் கடந்தும் தொடரும். படிந்த பிறகு மடிந்திருந்தால் இரு பக்கமும் தடிமன் ஒன்றாக இருக்கும், பள்ளத்தில் அடுக்கு வெட்டுப்படும்.

வெட்டு தெரிகிறது என்கிறீர்கள். உங்கள் ஒலிக்கற்றையின் அகலம் என்ன? 30 டிகிரிக் கூம்பு 3,000 மீட்டர் ஆழத்தில் ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல் அகலமான வட்டத்தைத் தொடும். குறுகலான பள்ளத்தின் இரு சுவர்களிலிருந்தும் எதிரொலி வந்து ஒன்றன்மேல் ஒன்று விழும். அடுக்கு முழுசாக இருந்தாலும் அறுந்ததுபோல் காட்டும்.

இன்னொருவர்: அதைத்தானே நானும் சொன்னேன்.

பதில்: நீங்கள் சொன்னது "நகர்வே இல்லை." அதற்கும் ஆதாரம் இல்லை. அலைமேல் நகர்வும் நடக்கலாம்.

கேள்வி: ஒரு இடத்தில் கீழே எல்லாமே மறைந்துவிட்டது. கருவிக் கோளாறா?

பதில்: மேலே ஒரு கறுத்த விளிம்பு, அதற்குக் கீழே திரை போட்டதுபோல் வெறுமை என்றால் வண்டலில் வாயு. கொஞ்சம் வாயுவே போதும், ஒலியை விழுங்கிவிடும். நீராழத்தைப்போல் சரியாக இரு மடங்கில் ஒரு கோடு தெரிந்தால் அது அடுக்கு அல்ல, தளத்துக்கும் நீர்ப்பரப்புக்கும் இடையே ஒலி இன்னொரு முறை போய்வந்தது.

கேள்வி: மீன் கூட்டம் இருக்கும் இடம் இதில் தெரியுமா?

பதில்: வேறு துறை. மீன்வளத்தாரிடம் கேளுங்கள்.

கேள்வி (மடிந்தது என்று அறிக்கை எழுதியவர் மீண்டும்): அப்போது அறிக்கையில் என்னதான் எழுதட்டும்?

பதில்: "அலை வடிவ அடுக்குகள், தோற்றம் உறுதியில்லை." அடுத்த முறை அலைகளுக்குக் குறுக்காக ஒரு கோடு, அவற்றை ஒட்டி ஒரு கோடு, குறுகிய கற்றைக் கருவியில் ஓட்டுங்கள். ஒரு பள்ளத்திலும் ஒரு முகட்டிலும் கோர் எடுத்துக்கொண்டு வாருங்கள், பேசலாம்.