டிவி கேபிள்: கேட்டதும் சொன்னதும்

சாட்ஸ்வொர்த்திலிருந்து: அண்ணா, புதிதாக 4கே டிவி வாங்கினோம். படத்தையும் ஒலியையும் டிவிக்குக் கொண்டுவரும் எச்டிஎம்ஐ கேபிள் தங்க முலாம் பூசியதாக இருந்தால்தான் படம் பளிச்சென்று இருக்கும் என்கிறார் கடைக்காரர். விலை 1,200 தென்னாப்பிரிக்க ரேண்டாம். வாங்கலாமா?

வேண்டாம் தங்கச்சி. எச்டிஎம்ஐயில் போவது டிஜிட்டல் சிக்னல். அது ஒழுங்காக வந்து சேர்ந்துவிட்டால் மலிவுக் கேபிளிலும் படம் அதேதான். கேபிள் தாங்கவில்லை என்றால் படம் மங்காது. வெள்ளைப் புள்ளி மின்னும், திரை திடீரென்று கறுத்துப்போகும். முலாம் களிம்பு பிடிக்காமல் காக்கும், அவ்வளவுதான். நம் டர்பன் கடல்காற்றுக்கு அது நல்லதுதான், ஆனால் அதற்கு இந்த விலையா?

பார்க்க வேண்டியது வேகம். நொடிக்கு 60 பிரேமில் 4கே ஓட நொடிக்கு 18 ஜிகாபிட் வேகம் போதும். அட்டையில் 'பிரீமியம் ஹை ஸ்பீட்' என்றிருக்கும். 48 ஜிகாபிட் 'அல்ட்ரா ஹை ஸ்பீட்' 120 பிரேமில் விளையாடுகிற பிள்ளைகளுக்கு. பிளேஸ்டேஷன் 5 வாங்கினால் அது பெட்டியிலேயே வரும்.

ஃபீனிக்ஸிலிருந்து: பழைய டிகோடரை (டிஷ் சிக்னலை டிவிக்கு மாற்றித்தரும் பெட்டி) மஞ்சள், சிவப்பு, வெள்ளைக் கேபிளில் மாட்டியிருக்கிறேன். எச்டி சேனலும் மங்கலாகத்தான் தெரிகிறது.

மஞ்சளில் படம் 576 வரிகளுக்கு மேல் வராது, எச்டிக்கு அது போதாது. சிவப்பும் வெள்ளையும் ஒலிக்கு. டிகோடரின் பின்னால் எச்டிஎம்ஐ துளை இருந்தால் அதில் மாற்றுங்கள். செட்டிங்கில் ரெசல்யூஷனையும் கூட்டுங்கள். பலர் மறப்பது இதைத்தான்.

டோங்காட்டிலிருந்து: மழை பெய்தால் படம் கட்டம் கட்டமாக உடைகிறது. எச்டிஎம்ஐ கேபிளை இரண்டு முறை மாற்றிவிட்டேன் ஐயா.

அதை விட்டுவிடுங்கள், அது நிரபராதி! கொட்டும் மழையில் டிஷ் சிக்னல் சிறிது நேரம் போவது சகஜம். மழை விட்ட பிறகும் உடைந்தால் டிஷ்ஷிலிருந்து வரும் கேபிளில் தண்ணீர் இறங்கியிருக்கும். திருகு முனையைக் கழற்றிப் பாருங்கள். நடுக்கம்பி பச்சை பூத்திருந்தால் அந்தக் கேபிளை எறிந்துவிட்டு, 75 ஓம் ஆர்ஜி6 கேபிள் போடுங்கள். நடுவில் ஒட்டுப் போடாதீர்கள். முனையில் ரப்பர் டேப் இழுத்துச் சுற்றுங்கள். கேபிள் சுவருக்குள் நுழையும் இடத்துக்குமுன் கொஞ்சம் கீழே தொங்கவிட்டால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். கூரை காய்ந்த பிறகு ஏறுங்கள்.

லெனேசியாவிலிருந்து: பழைய கணினியின் டிவிஐ துளையிலிருந்து டிவிக்கு இழுத்தேன். படம் வருகிறது, சத்தம் இல்லை.

டிவிஐ அடிப்படையில் படத்துக்கு மட்டும்தான். ஒலிக்குத் தனியாக 3.5 மி.மீ. கேபிள் இழுங்கள்.

பீட்டர்மரிட்ஸ்பர்கிலிருந்து: கோவில் மண்டபத்தில் புரொஜெக்டருக்கு 15 மீட்டர் இழுக்க வேண்டும். சாதாரண எச்டிஎம்ஐ போதுமா?

4கே என்றால் அந்தத் தூரத்துக்குச் செம்புக் கேபிளை நம்ப முடியாது. சிக்னலை ஒளியாக அனுப்பும் ஆப்டிக்கல் எச்டிஎம்ஐ கேபிள் கேளுங்கள். அதற்குத் திசை உண்டு: 'சோர்ஸ்' என்ற முனை டிகோடருக்கு, 'டிஸ்ப்ளே' என்ற முனை புரொஜெக்டருக்கு. மாற்றி மாட்டினால் படம் வராது. சுவரில் பதிக்கும் முன் தரையில் விரித்துப்போட்டு ஒரு படம் ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.