இதற்காகவா கடவுள் என்னைப் படைத்தார்?

அன்புள்ள மேடம்,

நான் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரி. வயது 41. திருமணம் ஆகவில்லை. நர்சிங் டிப்ளமோ முடித்து ஊர்ப்பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் ஐசியு நர்ஸாக இருந்தேன். அப்பா வைத்துவிட்டுப் போன கடனை அடைக்க இஸ்ரேலுக்கு வந்தேன். ஜெருசலேமில் ஒரு யூத மூதாட்டியின் வீட்டிலேயே தங்கி அவரைப் பார்த்துக்கொள்கிறேன். பேரப்பிள்ளைகளைப் போல நானும் அவரைச் 'சவ்தா' என்றுதான் கூப்பிடுவேன். பாட்டி என்று அர்த்தம். பக்கவாதத்தில் அவருக்கு இடது பக்கம் செயலிழந்துவிட்டது. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, கமோடில் உட்கார வைப்பது, ராத்திரி டயப்பர் மாற்றுவது எல்லாம் நான்தான்.

சவ்தா, ஹசிதியம் என்ற யூத பக்தி மரபில் வந்தவர். பக்தி அதிகம். கமோடிலிருந்து தூக்கிக் கையைக் கழுவிவிட்டதும் கண்ணை மூடி ஒரு ஜெபம் சொல்வார். கக்கூஸ் போய் வந்ததற்குக்கூட ஜெபமா என்று முதலில் சிரிப்பு வந்தது. இப்போது எனக்கே பாதி மனப்பாடம்.

போன மாதம் ஒரு ராத்திரி டயப்பர் மாற்றும்போது என்னை அறியாமல் அழுதுவிட்டேன். சவ்தா என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடவுளுக்குக் கீழே இந்தப் பூமியில் ஒரு வீடு வேண்டும் என்று ஆசை. அதைக் கட்டத்தான் மனிதன் இருக்கிறான். நீயும் கட்டுகிறாய்" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. என் பணத்தில் தம்பி ஊரில் மாடி வீடு கட்டிக்கொண்டிருக்கிறான். இங்கே கடவுளுக்கும் நான்தான் வீடு கட்ட வேண்டுமா?

கடன் அடைந்துவிட்டது. ஆனாலும் தம்பி கேட்கிறான் என்று வார விடுப்பையும் எடுக்காமல் கூடுதல் காசுக்கு வேலை செய்கிறேன். தூக்கம் இல்லை. ஜெபமாலையை எடுத்தால் மனசு நிற்பதில்லை. சவ்தா சொன்னது அவர்கள் மதத்தில் நிஜமாகவே உள்ளதா, இல்லை வேலைக்காரியைச் சமாதானப்படுத்தச் சொன்னதா? நான் கத்தோலிக்கப் பெண். இதையெல்லாம் யோசிப்பது தப்பா?

- பெயர் வேண்டாம், ஜெருசலேம்

அன்புச் சகோதரி,

'கடவுளுக்கும் நான்தான் வீடு கட்ட வேண்டுமா' என்ற வரியைப் படித்துச் சிரித்துவிட்டேன். அப்புறம் மறுபடி படித்தேன். சிரிப்பு வரவில்லை. கடவுளையும் தம்பியையும் ஒரே மூச்சில் எழுதியிருக்கிறீர்கள். அதற்குப் பிறகு வருகிறேன்.

சவ்தா கையிலிருந்து எதுவும் போடவில்லை. கீழுலகில் தமக்கு ஒரு இருப்பிடம் வேண்டும் என்று கடவுள் விரும்பினார் என்பது தன்ஹூமா என்ற பழைய மித்ராஷ் நூலில், அதாவது யூத வேத விளக்க நூலில், உள்ள பேச்சு. ஷ்னேயூர் சல்மான் என்ற ஹசிதிய ரப்பி (யூத மதகுரு) 1796-ல் அச்சான தமது 'தன்யா' நூலில் அதை எடுத்து விரிவாகப் பேசுகிறார். வானுலகங்களில் கடவுளின் ஒளி ஏற்கெனவே தெரிகிறது. அவர் அடியோடு மறைந்திருக்கிற இடம், சதையும் மண்ணும் பசியுமான இந்த உலகம். இங்கேதான் அவர் வெளிப்பட விரும்புகிறார், உடம்புள்ள மனிதன் செய்கிற செயலால்தான் அது நடக்கும் என்பது சல்மானின் வாதம். அவருக்கும் முன்னால், 1570-ல் இன்றைய இஸ்ரேலில் உள்ள சஃபேத் நகருக்கு வந்து இரண்டே ஆண்டில் காலமான யூத மறைஞானி ஐசக் லூரியாவின் போதனையில் இன்னும் விசித்திரமான படம் ஒன்று உண்டு. படைப்பின் தொடக்கத்தில் தெய்வ ஒளியைத் தாங்க முடியாமல் கலங்கள் உடைந்தன, அந்த ஒளியின் பொறிகள் எல்லாப் பொருள்களுக்குள்ளும் சிக்கிக் கிடக்கின்றன, அவற்றை மீட்பது மனிதன் பொறுப்பு. ஹசிதியர்கள் இதைச் சாப்பாடு, வியாபாரம், செருப்பு தைப்பது வரைக்கும் கொண்டுவந்துவிட்டார்கள்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது ரப்பி அக்கிவா என்ற பழங்கால யூத அறிஞரைப் பற்றிய கதை. ரோமானிய ஆளுநர் ஒருவன் அவரை மடக்கப் பார்க்கிறான்: கடவுளின் வேலை உயர்ந்ததா, மனிதனின் வேலை உயர்ந்ததா? மனிதனுடையதுதான் என்கிறார் அக்கிவா. ஒரு பக்கம் தானியக் கதிர்களையும் இன்னொரு பக்கம் சுட்ட அப்பங்களையும் கொண்டுவந்து வைத்து, எது தேவலை என்று கேட்கிறார். கடவுள் வேண்டுமென்றே பாதியில் நிறுத்தி மீதியை நம்மிடம் விட்டிருக்கிறார் என்று நினைக்கிற துணிச்சல் அது.

அந்தக் கக்கூஸ் ஜெபத்துக்கு வருவோம். அது தல்மூத் என்ற பழைய யூதச் சட்ட விளக்க நூலிலேயே இருக்கிறது. மனிதனை ஞானத்தோடு படைத்து, உடம்பில் துவாரங்களையும் குழாய்களையும் வைத்தாய், அதில் ஒன்று திறந்துகொண்டாலோ ஒன்று அடைபட்டாலோ உன் முன்னால் நிற்கவே முடியாது என்பதுதான் அதன் சாரம். ஐசியு நர்ஸுக்கு இதை நான் விளக்க வேண்டுமா? மணிக்கு எத்தனை மில்லி சிறுநீர் என்று சார்ட்டில் எழுதி, அது குறைந்தால் டியூட்டி டாக்டரை எழுப்பியிருப்பீர்கள். அதையே அங்கே பெருமையான வேலை என்றும் இங்கே கேவலம் என்றும் நினைக்கிறீர்கள். சவ்தாவின் பார்வையில் இரண்டும் ஒன்றுதான். அந்த ஜெபத்தைச் சொல்லும் நிலைக்கு அவரைத் தூக்கி நிறுத்துவது உங்கள் கை. அவர் சொன்ன 'வீடு' அந்த இடம்தான் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

சரி, எல்லா யூதரும் இப்படி நினைப்பதில்லை. 12-ஆம் நூற்றாண்டின் பெரிய அறிஞர் மைமோனிதிஸ், உலகம் எதற்காகப் படைக்கப்பட்டது என்று துருவிப் பயனில்லை, எல்லாமே மனிதனுக்காக என்று எண்ணவும் வேண்டாம் என்றார். தன்யா பேசுவதும் முதலில் யூதர்களிடம்தான், அவர்களுக்குரிய கட்டளைகளைப் பற்றித்தான். மற்றவர்களுக்குக் கொலை செய்யாதே, திருடாதே போன்ற நோவாவின் ஏழு கட்டளைகள் என்று தனியாக உண்டு. ஆனாலும் ஆதாம் ஒரே ஆளாகப் படைக்கப்பட்டான், ஆகவே ஒவ்வொருவரும் 'எனக்காக உலகம் படைக்கப்பட்டது' என்று சொல்லக் கடமைப்பட்டவர் என்கிறது மிஷ்னா என்ற பழைய யூதச் சட்டத் தொகுப்பு. சவ்தா உங்களையும் சேர்த்துக்கொண்டது அவருடைய தாராளம். வேலைக்காரியைச் சமாளிக்க ஆயிரம் வார்த்தை இருக்கும்போது, தாம் உயிராக நம்புவதை யாரும் எடுத்துத் தரமாட்டார்கள். இதை யோசிப்பதால் உங்கள் விசுவாசத்துக்கு ஒன்றும் ஆகாது. உறுத்தினால் உங்கள் பங்குத் தந்தையிடம் பேசுங்கள்.

ஆனால் இந்தக் கருத்தை வைத்து உங்கள் களைப்பை மூடாதீர்கள். அந்த வீட்டில் வெள்ளி மாலை ஓய்வுநாள் விளக்கேற்றியதும் அத்தனை பேரும் வேலையைக் கீழே வைக்கிறார்கள். ஓய்வுநாள் கட்டளையை உங்கள் பைபிளில் இணைச்சட்ட நூல் 5-ஆம் அதிகாரத்தில் எடுத்துப் பாருங்கள். வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப் போலவே ஓய வேண்டும் என்று அதில் தனியாகச் சொல்லியிருக்கிறது. பூமியில் வீடு கேட்கிற அதே கடவுள்தான் இதையும் சொல்கிறார். அந்த வீட்டில் ஓயாத ஒரே ஆள் நீங்கள். குடும்பம் அதைக் கேட்டதாக நீங்கள் எழுதவில்லை. தம்பிக்காக உங்கள் ஓய்வை நீங்களேதான் விற்றுக்கொண்டிருக்கிறீர்கள்.

'இதற்காகவா கடவுள் என்னைப் படைத்தார்' என்ற உங்கள் கேள்வியில் பாதி தம்பியிடம் கேட்க வேண்டியது. கடன் தீர்ந்த பிறகும் எவ்வளவு, எதுவரைக்கும் என்று யாரும் பேசவில்லை. நீங்கள் பேசுங்கள். மாதம் இவ்வளவுதான், இந்தத் தேதி வரைக்கும்தான் என்று ஒரு தொகையைச் சொல்லிவிடுங்கள். போனில் குரல் உடையும் என்று பயமாக இருந்தால் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள். அவர் கோபித்துக்கொள்ளலாம். கோபித்துக்கொள்ளட்டும்.

வார விடுப்பை இந்த வாரமே எடுங்கள். முதல் விடுப்பில் கோயில், கடை என்று அலையாமல் தூங்குங்கள். வாரத்தில் சில ராத்திரியாவது பேரப்பிள்ளைகளில் ஒருவர் சவ்தாவோடு படுக்க முடியுமா என்று குடும்பத்தில் கேளுங்கள். அழுகையும் தூக்கமின்மையும் எதிலும் ஒட்டாத மனசும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது மன அழுத்த நோயாக இருக்கலாம், டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். ஜெபமாலையில் மனசு நிற்கவில்லை என்பதைப் பாவக் கணக்கில் எழுத வேண்டாம். தூக்கம் கெட்டவருக்கு மனசு எதிலும் நிற்காது.

தம்பி என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.