மூலம் எது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஹங்கேரிய இசையமைப்பாளர் பேலா பார்டோக்கின் ‘ருமேனிய நாட்டுப்புற நடனங்கள்’ படைப்பை வயலினும் பியானோவுமாகக் கேட்டுக் கரைந்துபோனேன். அது தனிப் பியானோவுக்கு எழுதப்பட்டது என்றும், நான் கேட்டது இன்னொருவரின் தழுவல் என்றும் பிறகுதான் தெரிந்தது. மூலத்தை விட்டு நிழலை ரசித்துவிட்டேனோ என்று கூச்சமாக இருக்கிறது. நவீன மேற்கத்திய இசையை எந்த வரிசையில் கேட்க வேண்டும்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

வரிசையெல்லாம் என்னிடம் இல்லை. இசையைப் பாடத்திட்டமாக்கித் தேர்வுக்குப் படிப்பதுபோல் கேட்பவர்கள் மேல் எனக்குப் பொறுமையும் இல்லை. ஆனால் ‘நிழல்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொல் இரண்டு நாட்களாக உறுத்திக்கொண்டிருக்கிறது.

பார்டோக் இதைப் பியானோவுக்கு எழுதியது 1915-ல். அந்த மெட்டுகளோ அதற்கு முன்பே இன்று ருமேனியாவில் இருக்கும் ட்ரான்சில்வேனியாவின் கிராமங்களில் வயலின்காரர்களின் வில்லிலும் இடையர்களின் குழலிலும் இருந்தவை. அவர் அங்கே போய்க் கேட்டுச் சேகரித்தவை. அப்படியானால் முதல் தழுவல் பியானோ வடிவம்தான் அல்லவா? விசையைத் தட்டிய கணத்திலிருந்தே தேயத் தொடங்கும் ஒலியையும், அடுத்தடுத்த இரு விசைகளுக்கு நடுவே எதுவுமே இல்லாத வெற்றிடத்தையும் வைத்துக்கொண்டு, இழைந்து வளைந்து போகும் ஒரு கிராமத்து மெட்டைச் சொல்ல அவர் பட்ட பாடு பெரிது. 1925-ல் வயலின் கலைஞர் ஸோல்தான் ஸேகெய் அதை வயலினுக்கு மாற்றியபோது, மெட்டு தன் பழைய வீட்டுக்கே திரும்பியது. பார்டோக்குக்கு இதில் மனக்குறை இருந்ததாகத் தெரியவில்லை. 1930-ல் ஹங்கேரிய வயலின் கலைஞர் ஸிகெட்டி வாசிக்க, தானே பியானோவில் அமர்ந்து இந்த வடிவத்தை இசைத்தட்டில் பதிவுசெய்தார். அவருக்கு இல்லாத கூச்சம் உங்களுக்கு எதற்கு?

பல ஆண்டுகளுக்கு முன்பு ஓர் ஒத்திகையில், பியானோ வாசித்த நண்பருக்குப் பக்கம் திருப்பும் வேலை எனக்கு. மூன்றாவது நடனத்தின் பெயருக்கு ‘நின்ற இடத்திலேயே’ என்று பொருள். குழலில் வாசிக்கப்பட்ட மெட்டு அது. பியானோ தாழ்ந்த குரலில் சுருதிபோல நிற்க, வயலின் வாசித்த பெண் சுட்டுவிரலால் தந்தியை அழுத்தி, சுண்டுவிரலால் சற்று மேலே அதைத் தொட்டும் தொடாமலும் வைத்திருந்தார். கொஞ்சம் அழுத்தினாலும் கெட்டது, விலகினாலும் கெட்டது. ஐந்தாறு முறை வெறும் கீச்சொலிதான் வந்தது. அதன் பிறகு, அழுத்திய சுரத்துக்கு இரண்டு ஸ்தாயி மேலே, எங்கோ மலைச்சரிவில் யாரோ ஊதுவது போன்ற ஒரு மெல்லிய குழலோசை எழுந்தது. நான் பக்கம் திருப்ப மறந்துவிட்டேன். நண்பர் முறைத்த முறைப்பு இன்னும் நினைவிருக்கிறது.

அந்தக் குழல் ஸேகெய் கண்டெடுத்தது. பியானோவில் அது இல்லை, இருக்கவும் முடியாது.

வயலின்காரர்கள் விரல்வித்தை காட்டுவதற்கென்றே செய்துகொண்ட தழுவல்களும் ஏராளமாக உண்டு. அவற்றை நீங்கள் நிழல் என்று திட்டினால் நான் குறுக்கே வரமாட்டேன். ஆனால் ரஷ்ய இசையமைப்பாளர் புரோகோஃபியேவைப் பாருங்கள். 1943-ல் புல்லாங்குழலுக்கு எழுதிய சொனாட்டாவை (பல பகுதிகள் கொண்ட கருவியிசைப் படைப்பு), வயலின் கலைஞர் ஒய்ஸ்ட்ராக் கேட்டுக்கொண்டதும் அடுத்த ஆண்டே தானே வயலினுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார்.

வரிசை வேண்டும் என்றே நின்றால், இதோ: இதே நடனங்களை இன்னும் பத்து முறை கேளுங்கள். ஒன்பதாவது முறை வயலினை மறந்துவிட்டு, பியானோவின் இடது கையை மட்டும் கவனியுங்கள்.