வீட்டில் இருக்கும் பழைய பித்தளைக் கூடு எம்டன் கப்பலுடையதா? எந்த நாட்டுடையது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கொள்ளுத்தாத்தா காலத்திலிருந்து வீட்டில் பூச்சாடியாக இருக்கும் பித்தளைக் கூடு, 1914இல் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னை மீது சுட்ட குண்டு என்று பெரியவர்கள் சொல்கிறார்கள், அது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். பல வருடங்களாக இந்த மாதிரிக் கூடுகளைத் தேடி வாங்கிச் சேர்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்.

எம்டன் சுட்ட குண்டின் பித்தளைக் கூடு சென்னைக்கு வந்து விழ வழியே இல்லை. பீரங்கியில் பித்தளைக் கூட்டுக்குள் இருப்பது வெடிமருந்து. அதன் வாயில் பொருந்தி நிற்பதுதான் குண்டு, அது எஃகு. சுட்டதும் எஃகு மட்டும் பறக்கும். காலிக் கூடு பின்பக்கமாக வெளியே வந்து பீரங்கிக்குப் பக்கத்திலேயே விழும். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் நூறு குண்டுகளுக்கு மேல் சுட்டது. அத்தனை கூடுகளும் அந்தக் கப்பலின் தளத்தில்தான் விழுந்திருக்கும். பர்மா ஆயில் கம்பெனி எண்ணெய் டாங்குகள் பக்கமும் உயர்நீதிமன்றச் சுற்றுச்சுவரிலும் வந்து விழுந்தவை எஃகுக் குண்டுகளும் அவற்றின் சில்லுகளும்தான். சில்லு என்றால் தடித்த, கிழிந்த விளிம்புள்ள இரும்புத் துண்டு. சிலவற்றில் செம்புப் பட்டை ஒட்டியிருக்கும், பீரங்கிக் குழலின் சுழல்வரிகள் அதில் சாய்வாகப் பதிந்திருக்கும். பளபளப்பான முழுப் பித்தளைக் குடுவையை 'சென்னையில் விழுந்த எம்டன் குண்டு' என்று யார் விற்றாலும் வாங்காதீர்கள்.

எம்டனின் கூடுகளே உலகத்தில் இல்லை என்று அர்த்தமில்லை. அதே ஆண்டு நவம்பர் 9 அன்று ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி, கோகோஸ் தீவுகளில் எம்டனை அடித்துத் தரைதட்ட வைத்தது. அந்த இடிபாட்டிலிருந்து எடுத்த பொருட்கள் நிறைய ஆஸ்திரேலியாவுக்குப் போயின. அதன் பீரங்கி ஒன்று சிட்னி ஹைட் பார்க்கில் இன்றும் நிற்கிறது. உங்கள் கூடு அந்த வழியாக வந்திருந்தால் மூன்று விஷயங்கள் பொருந்த வேண்டும். எம்டனின் முக்கியப் பீரங்கிகள் 10.5 செ.மீ. அளவுள்ளவை, அதனால் கூட்டின் வாய் 105 மி.மீ. பக்கம் இருக்க வேண்டும். அடியில் ஜெர்மன் கடற்படை முத்திரை, அதாவது கிரீடமும் அதன் கீழே எம் எழுத்தும், இருந்தால் நல்லது. மூன்றாவது, ஆண்டு. எம்டன் 1914 ஆகஸ்ட் தொடக்கத்தில் சீனாவில் ஜெர்மனி வசம் இருந்த சிங்தாவ் துறைமுகத்தை விட்டுக் கடைசியாகக் கிளம்பியது, அதன் பிறகு திரும்பவே இல்லை. 1915, 1916 என்று பதிந்திருந்தால் மேலே பேச ஒன்றுமில்லை.

சரி, அடியைப் படிப்பது எப்படி? நம் வீடுகளில் பித்தளை என்றாலே புளி போட்டுத் தேய்த்துவிடுவார்கள். நூறு வருடம் அப்படித் தேய்த்தால் எழுத்து மழுங்கிவிடும். இனிமேல் தேய்க்காதீர்கள். கூட்டைக் கவிழ்த்து, அறையை இருட்டாக்கி, டார்ச்சைப் படுக்கை வாட்டில் பிடியுங்கள். நேராக அடித்தால் தெரியாத எழுத்து சாய்ந்த வெளிச்சத்தில் எழுந்து நிற்கும். அப்படியும் தெரியவில்லை என்றால் மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்து உரசுங்கள். காரைக்குடியில் ஒரு பழம்பொருள் கடையில் 'ஜெர்மன் குண்டு' என்று வைத்திருந்த கூட்டை நான் அப்படித்தான் படித்தேன். முதலில் தெரிந்தது காகத்தின் கால் போல மூன்று கோடு. அதற்குமேல் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை, அது பிரிட்டிஷ் அரசுச் சொத்துக்கான அம்புக்குறி. பக்கத்தில் '18 பி.ஆர்.', அதாவது பதினெட்டுப் பவுண்டர், சுமார் பதினெட்டு பவுண்டு எடைக் குண்டு சுடும் பிரிட்டிஷ் பீரங்கி. 'சி.எஃப்.' என்பது கார்டைட் என்ற வெடிமருந்தைக் குறிப்பது. (அந்தக் கார்டைட்டை இந்திய ராணுவத்துக்காகச் செய்யத்தான் நீலகிரி அரவங்காட்டில் தொழிற்சாலை வைத்தார்கள்.)

உங்களுடையதும் இந்த வகையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். வாயின் உள்விட்டம் 84 மி.மீ., உயரம் 295 மி.மீ. வந்தால் பதினெட்டுப் பவுண்டர் என்று கிட்டத்தட்ட முடிவு செய்துவிடலாம். கிட்டத்தட்ட 88க்கு 292 என்றால் இரண்டாம் உலகப் போரின் இருபத்தைந்து பவுண்டர். 75க்கு 350 என்றால் பிரெஞ்சு 75. அடியில் '75 டி.இ. சி' என்று இருக்கும். 77 மி.மீ. வாயோடு குட்டையாக இருந்தால் ஜெர்மன் தரைப்படையின் பீரங்கி. மாதமும் ஆண்டும், கார்ல்ஸ்ரூ, மக்டபூர்க் போன்ற ஊர்ப்பெயரும் முழுசாகவே பதிந்திருப்பார்கள். ஆனால் போர்முனைச் சிப்பாய்கள் பூச்சாடி செய்யும்போது மேல்பகுதியை வெட்டி வளைத்துவிடுவார்கள். அதனால் உயரத்தை மட்டும் நம்பக் கூடாது.

அம்புக்குறியை மட்டும் பார்த்து இங்கிலாந்து என்றும் எழுதிவிடாதீர்கள். அம்பின் கீழே ஆங்கில 'ஐ' எழுத்து இருந்தால் இந்திய அரசுச் சொத்து. 'சி' எழுத்துக்குள் அம்பு இருந்தால் கனடா. இரண்டு 'டி' எழுத்துகளுக்கு நடுவே என்றால் ஆஸ்திரேலியா. செய்தவர் பெயர் தனி: 'ஆர்.எல்.' என்றால் லண்டன் ஊல்விச்சின் ராயல் லாபரட்டரி, 'கே.எஃப்.' என்றால் புனே பக்கத்துக் கிர்கீ. இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டி நின்றால் ராணுவம் முறைப்படி கழித்து விற்ற சரக்கு என்று அர்த்தம். எனக்கு மிகவும் பிடித்த முத்திரை அதுதான்.

நடுவில் திருகியிருக்கும் பிரைமரின், அதாவது மருந்தைப் பற்றவைக்கும் சிறு பாகத்தின், ஆண்டையும் கூட்டின் ஆண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். கூட்டைத் திரும்ப நிரப்பும்போது பிரைமரை மாற்றுவார்கள். இரண்டும் வேறாக இருப்பது சகஜம், போலி என்று பயப்பட வேண்டாம்.

அப்புறம், இதை எல்லோரும் கடைசியில் சொல்வார்கள், ஆனால் நீங்கள் முதலில் செய்ய வேண்டியது இதுதான். பிரைமரில் ஊசி குத்திய பள்ளம் இல்லாவிட்டாலோ, கூட்டின் வாயில் எஃகுக் குண்டு இன்னும் பொருந்தியிருந்தாலோ, அளக்கவும் வேண்டாம், தேய்க்கவும் வேண்டாம். இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு நூறுக்குப் போன் செய்யுங்கள், வெடிகுண்டு செயலிழப்புப் பிரிவை அவர்கள் அனுப்புவார்கள். நூறு வருடம் ஆனாலும் மருந்து செத்துவிடாது. பிரான்ஸ், பெல்ஜியம் வயல்களில் முதல் உலகப் போர்க் குண்டுகள் ஆண்டுதோறும் ஏரில் மாட்டிக்கொண்டுதான் இருக்கின்றன. உயிருள்ள தோட்டாவை உரிமம் இல்லாமல் வைத்திருப்பது ஆயுதச் சட்டப்படி குற்றமும்கூட.

காலிக் கூடுதான் என்றால் உள்விட்டத்தையும் உயரத்தையும் அளந்து, சாய்ந்த வெளிச்சத்தில் எடுத்த அடிப்பக்கப் படத்தோடு கருத்தில் போடுங்கள். படித்துச் சொல்கிறேன்.