நிறைந்த வீட்டில் என்ன குறை? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள மேடம்,

வணக்கம். அமெரிக்கப் பெண்ணிய எழுத்தாளர் பெட்டி ஃப்ரீடனைப் பற்றிச் சென்ற மாதம் எழுதியிருந்தீர்கள். 1963இல் வந்த அவருடைய ‘தி ஃபெமினின் மிஸ்டிக்’ புத்தகத்தை இங்கே நூலகத்தில் எடுத்துப் படித்தேன். உண்மையைச் சொன்னால் பாதிக்கு மேல் எரிச்சல்தான் வந்தது. புறநகரில் சொந்த வீடு, கார், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், மாதாமாதம் சம்பளம் கொண்டுவரும் கணவன். இதற்கு மேல் என்ன வேண்டும்? என் பாட்டி மன்னார்குடிப் பக்கம் நடவுக்குப் போய்விட்டு வந்து ஒன்பது பேருக்குச் சமைத்தவர். வசதியான இல்லத்தரசிகளின் மனக்குறைக்கு ஃப்ரீடன் வைத்த பெயரான இந்தப் ‘பெயரில்லாத பிரச்சினை’ அவருக்கு வந்ததே இல்லை. நேரம் மிஞ்சியவர்களுக்கு வரும் வியாதி என்றுதான் தோன்றியது. இந்தப் புலம்பலிலிருந்து ஒரு பெண்கள் இயக்கமே எப்படிப் பிறந்தது?

இன்னொன்று. அந்தக் காலத்தில் பிராவை எரித்துப் போராடினார்கள், அதற்குப் பிறகுதான் அமெரிக்காவில் குடும்பங்கள் உடைய ஆரம்பித்தன என்று இங்கே வயதான நண்பர் ஒருவர் சொல்கிறார். சரியா?

என் மனைவி எம்.எஸ்ஸி. வேதியியல். என் வேலை விசாவைச் சார்ந்து மனைவிக்குத் தரும் எச்-4 விசாவில் வந்து நான்கு வருடமாக வீட்டில்தான் இருக்கிறாள். அவளுக்கு ஒரு குறையும் இல்லை. தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆர்.,
ஃப்ரிஸ்கோ, டெக்சாஸ்

---

அன்புள்ள ஆர்.,

தவறாக எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை. உங்களுக்கு வந்த எரிச்சல் அன்றைக்கே அமெரிக்கப் பெண்கள் பலருக்கும் வந்தது. புத்தகத்தின் ஒரு பகுதியை ‘மெக்கால்ஸ்’ இதழ் வெளியிட்டபோது, வீட்டைப் பார்த்துக்கொள்வதை மட்டமாகப் பேச இவள் யார் என்ற தொனியில் கடிதங்கள் குவிந்தன. இத்தனை நாள் எனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்திருந்தேன் என எழுதியவர்களும் ஏராளம். ஃப்ரீடனுக்கு வந்த கடிதங்கள் இன்றும் ஹார்வர்டின் ஷ்லெசிங்கர் நூலகத்தில் இருக்கின்றன.

முதலில் பாட்டி. அவருக்கு அப்படி ஒன்று வந்ததே இல்லை என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? ஒன்பது பேருக்குப் பரிமாறிவிட்டு உட்கார்ந்தவரிடம் யாராவது கேட்டோமா? அது போகட்டும். வயலில் அவரோடு வரிசையில் நின்று நாற்று நட்ட பெண்கள் இருந்தார்கள். கூலி என்று கையில் ஏதோ வந்தது. வீட்டுக்காரரைத் திட்டித் தீர்க்கப் பக்கத்தில் ஆள் இருந்தது. அமெரிக்கப் புறநகர்ப் பெண்ணுக்கு இவை எதுவும் இல்லை.

அந்தப் புறநகரை எடுத்துக்கொள்ளுங்கள். நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டில் உருளைக்கிழங்கு விளைந்த நிலத்தில் 1947இல் லெவிட்டவுன் எழும்ப ஆரம்பித்தது. நாலைந்து வருடத்தில் 17,000க்கு மேல் வீடுகள், எல்லாம் ஒரே அச்சு. இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பியவனுக்கு அரசு உத்தரவாதத்தில் கடன், கையிலிருந்து முன்பணம்கூட வேண்டாம். வெள்ளையரல்லாதவர் குடியிருக்கக் கூடாது என்பதை ஆரம்ப ஒப்பந்தங்களில் எழுத்திலேயே போட்டிருந்தார்கள். அடுப்பு, ஃபிரிட்ஜ், பெண்டிக்ஸ் வாஷிங் மெஷின் எல்லாம் வீட்டோடு வந்தன. 1950 மாடலில் மாடிப்படிச் சுவரில் டி.வி.யையே பதித்துக் கொடுத்தார்கள். காலையில் கணவன் கிளம்பினால் இருக்கிற ஒரு காரும் அவனோடு போய்விடும். மாமியார் கிடையாது (அது நல்லதுதானே என்பீர்கள்), அம்மா, அக்கா, சித்தியும் கிடையாது. தெருவில் எந்த வீட்டைப் பார்த்தாலும் அதே வயதில் ஒரு பெண், இடுப்பில் ஒரு குழந்தை. 1950களில் பாதிப் பெண்களுக்கு 20 வயதையொட்டியே கல்யாணம் முடிந்திருந்தது. 1957இல் மட்டும் அந்த நாட்டில் பிறந்த குழந்தைகள் சுமார் 43 லட்சம்.

பத்து வருடம் முன்பு இவர்களுடைய அக்காக்கள் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டிங் செய்தவர்கள். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள அரசுப் பணத்தில் காப்பகம் நடந்தது. போர் முடிந்ததும் அந்தப் பணம் நின்றது, 1946இல் காப்பகங்களை மூடினார்கள். வீட்டுக்குப் போவதுதான் பெண்ணின் இயல்பு என்று பத்திரிகைகள் அதன் பிறகுதான் மூச்சுவிடாமல் எழுத ஆரம்பித்தன.

‘நேரம் மிஞ்சியவர்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். இது கணக்கு பார்த்துச் சொல்லக்கூடிய விஷயம், பார்த்தும் இருக்கிறார்கள். வேலைக்குப் போகாத மனைவி வீட்டு வேலைக்கு எத்தனை நேரம் செலவிட்டாள் என்று ஜோஆன் வானெக் என்ற சமூகவியலாளர் 1974இல் ஒப்பிட்டுக் காட்டினார். 1920களில் வாரத்துக்கு 52 மணி நேரம், 1960களில் 55. இத்தனை மெஷின் வந்த பிறகும்! ஏன் என்பதை ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்ற வரலாற்றாசிரியர் விளக்கியிருக்கிறார். முன்பு பெரிய துணிகள் சலவைக்காரிக்கோ சலவை நிலையத்துக்கோ போயின. மெஷின் வந்ததும் மொத்தமும் வீட்டுக்கே திரும்பி வந்தது. சட்டையைத் தினமும் மாற்றுவது வழக்கமானது, மாற்றினால் தோய்த்து இஸ்திரி போட வேண்டும். விறகு பிளப்பதும் கம்பளத்தை வெளியே தூக்கிப்போட்டு அடிப்பதும் ஆண்களும் பையன்களும் செய்த வேலை. காஸ் அடுப்பும் வாக்குவம் கிளீனரும் அவர்களைத்தான் விடுவித்தன. இரண்டாவது கார் வாங்க வசதி வந்தபோது, கடைக்கும் பள்ளிக்கும் டிரைவர் உத்தியோகமும் அவளிடமே வந்து சேர்ந்தது.

ஆனால் வேலை அதிகம் என்பதல்ல என் வாதம். உங்கள் பாட்டியின் வேலை இதைவிடக் கடினமானதுதான், சந்தேகமே இல்லை. கையில் காசும் சட்டத்தில் இடமும் இல்லாமல் இருந்ததுதான் அங்கே விஷயம். ஃப்ரீடன் மனசைப் பற்றி நிறைய எழுதினார், சட்டத்தைப் பற்றிக் குறைவாகவே எழுதினார். படிப்பவருக்குப் புலம்பலாகத் தெரிய அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ஒரு வழக்கு சொல்கிறேன். 1957, ஃப்ளோரிடாவின் டாம்பா. கணவன் தன்னை ஏமாற்றுகிறான் என்ற சந்தேகத்தில் க்வெண்டலின் ஹோய்ட் என்ற பெண், சண்டை முற்றி, பேஸ்பால் மட்டையால் அவனை அடித்தார். அவன் இறந்துபோனான். வழக்கைக் கேட்ட ஜூரியில் ஆறு பேர், ஆறு பேரும் ஆண்கள். அரை மணி நேரம்கூட ஆகவில்லை, குற்றவாளி என்று சொல்லிவிட்டார்கள். 30 வருடச் சிறை. ஜூரியில் பெண்கள் இருந்திருந்தால் என் நிலைமை புரிந்திருக்கும் என்று அவர் மேல்முறையீடு செய்தார். ஃப்ளோரிடாச் சட்டப்படி ஆண்கள் பெயர் ஜூரிப் பட்டியலில் தானாகவே வரும். பெண்ணோ நீதிமன்றத்துக்குப் போய், நான் வரத் தயார் என்று பதிவு செய்தால்தான் உண்டு. அந்த மாவட்டத்தில் பெண் வாக்காளர்கள் ஏறக்குறைய 46,000, பதிவு செய்தவர்கள் சுமார் 220. 1961இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. வீட்டுக்கும் குடும்பத்துக்கும் பெண்தான் மையம் என இன்னும் கருதப்படுவதால் அவளுக்கு இந்த விலக்கு தகும் என்பது காரணம். நீதிபதிகளில் ஒருவர்கூட மாறுபட்டுத் தீர்ப்பு எழுதவில்லை. ஹோய்ட் செய்தது கொலைதான், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் ‘வீட்டின் மையம்’ என்ற அந்தப் புகழ்ச்சி நீதிமன்றத்தில் என்னவாக வேலை செய்தது என்று பாருங்கள்.

வங்கியிலும் அதே கதை. கல்யாணமான பெண் தன் பெயரில் கடன் கேட்டால் கணவன் கையெழுத்து வேண்டும். வீட்டுக் கடனுக்கு மனைவியின் சம்பளத்தையும் சேர்க்கச் சொன்னால், இனி இவள் கர்ப்பமாக மாட்டாள் என்று டாக்டரிடம் சான்று வாங்கி வரச் சொன்ன வங்கிகள் இருந்தன. இதைத் தடுக்கும் சட்டம் வர 1974 ஆயிற்று. அதுவரை மனக்குறை என்று டாக்டரிடம் போனவளுக்கு மனதை அமைதிப்படுத்தும் மாத்திரை கிடைத்தது. மில்டவுன் 1955இல் வந்தது. வேலியம் வந்தது 1963இல், ஃப்ரீடனின் புத்தகம் வந்த அதே வருடம்.

ஃப்ரீடனிடம் எனக்கும் சண்டை உண்டு. புறநகர் வீட்டை வதைமுகாமோடு ஒப்பிட்டது சகிக்க முடியாத மிகை. தன்னையும் ஓர் அப்பாவி இல்லத்தரசியாகவே காட்டிக்கொண்டார். உண்மையில் 1952 வரை தொழிற்சங்கப் பத்திரிகையில் நிருபராக இருந்தவர். கம்யூனிஸ்டுகள் என்று சந்தேகப்பட்டவர்களை வேட்டையாடிய மெக்கார்த்தி காலத்துப் பயத்தில் அதை மறைத்திருக்கலாம். எல்லாவற்றையும்விடப் பெரிய குறை வேறு. 1950இல் வேலை பார்த்த கறுப்பினப் பெண்களில் ஏறத்தாழ 40 சதவீதம் பேர் அடுத்தவர் வீட்டில் வேலை செய்தவர்கள். ‘வீட்டை விட்டு வெளியே வா’ என்ற அழைப்புக்கு அவர்களிடம் என்ன பொருள்? கறுப்பினப் பெண்ணிய எழுத்தாளர் பெல் ஹூக்ஸ் இதை 1984இல் காட்டமாகவே கேட்டார். உங்கள் பாட்டியை முன்னிறுத்தி நீங்கள் கேட்பதும் கிட்டத்தட்ட அதுதான்.

புலம்பல் எப்படி இயக்கமாயிற்று என்ற கேள்விக்கும் பதில் அந்தப் பக்கமிருந்துதான் வருகிறது. புத்தகம் பல லட்சம் பேரை அழவைத்தது. ஆனால் அமைப்பு கட்டியவர்களில் பலர் புறநகர்க்காரிகள் இல்லை. 1964இல் சிவில் உரிமைச் சட்டம் வந்தபோது, வேலையில் பாகுபாடு கூடாது என்ற பிரிவில் இனம், நிறம், மதம் ஆகியவற்றோடு பாலினத்தையும் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தவர் வர்ஜீனியாவின் ஹோவர்ட் ஸ்மித். கறுப்பினத்தவர் உரிமைக்குப் பரம விரோதி. மசோதாவைக் கவிழ்க்கத்தான் செய்தார் என்பார்கள், மனதாரச் செய்தார் என்று வாதிடுபவர்களும் உண்டு. அவையில் ஒரே சிரிப்பு. மிச்சிகனின் மார்த்தா கிரிஃபித்ஸ் எழுந்து, பெண்களை இரண்டாந்தரமாக வைத்திருக்கிறோம் என்பதற்கு இந்தச் சிரிப்பே சாட்சி என்றார். திருத்தம் நிறைவேறியது.

இந்தச் சட்டத்தை அமல்படுத்த வேண்டிய சமவேலைவாய்ப்பு ஆணையத்துக்கு மனமில்லை. அதன் நிர்வாக இயக்குநரே அந்தப் பிரிவை, முறை தவறிப் பிறந்தது என்ற பொருள்படப் பேசினார். ‘ஆண்கள் தேவை’, ‘பெண்கள் தேவை’ என்று செய்தித்தாள்கள் தனித்தனி வரி விளம்பரம் போட்டதையும் ஆணையம் அனுமதித்தது. ஆனால் புகார்கள் வந்துகொண்டே இருந்தன. கல்யாணம் ஆனாலோ 32 வயது தாண்டினாலோ வீட்டுக்கு அனுப்பப்பட்ட விமானப் பணிப்பெண்கள் முதல் வரிசையில் நின்றார்கள்.

1966 ஜூனில் வாஷிங்டனில் மாநிலப் பெண்கள் ஆணையங்களின் மாநாடு. சமவேலைவாய்ப்பு ஆணையத்தின் அலட்சியத்தைக் கண்டித்து ஒரு தீர்மானம் போடலாமா என்று கேட்டார்கள். இங்கே தீர்மானம் போட அதிகாரமில்லை என்று பதில் வந்தது. மதியச் சாப்பாட்டு மேசையிலேயே கூடிக் குசுகுசுத்தார்கள். ஃப்ரீடன் ஒரு பேப்பர் நாப்கினில் அமைப்பின் பெயரையும் நோக்கத்தையும் கிறுக்கினார். ஆளுக்கு 5 டாலர். ‘நேஷனல் ஆர்கனைசேஷன் ஃபார் விமன்’ என்ற பெண்கள் அமைப்பு அப்படித்தான் தொடங்கியது. அந்தக் கூட்டத்தில் கறுப்பின வழக்கறிஞர் பாலி மரே இருந்தார். மோட்டார்த் தொழிலாளர் சங்கத்தின் டாரதி ஹேனர் இருந்தார். அமைப்பின் ஆரம்பகாலக் கடிதப் போக்குவரத்தெல்லாம் டெட்ராய்ட்டில் அந்தச் சங்கத்தின் பெண்கள் பிரிவிலிருந்துதான் நடந்தது. தொழிற்சங்கத்தில் மனு எழுதிப் பழகியவர்களும், நிறவெறிக்கு எதிராக வழக்கு நடத்திப் பழகியவர்களும் வந்து சேர்ந்திராவிட்டால் புறநகரின் பெருமூச்சு பத்திரிகைக் கடிதங்களோடு நின்றிருக்கும்.

இப்போது உங்கள் கடைசிப் பத்தி. நீங்களாக எழுதியதால் சொல்கிறேன். எச்-4இல் இருப்பவர் வேலை பார்க்க அனுமதி 2015இல்தான் வந்தது. அதுவும் கணவரின் கிரீன் கார்டு மனு ஒரு கட்டத்தைத் தாண்டியிருந்தால்தான். அந்த அனுமதி இல்லையென்றால் பொதுவாக சோஷியல் செக்யூரிட்டி எண் கிடையாது. எண் இல்லாமல் அவர் பெயரில் கடன் வரலாறு உருவாவது கடினம். 1974இல் அமெரிக்கப் பெண்ணுக்கு வங்கியில் திறந்த கதவு, உங்கள் வீட்டில் விசாவின் வழியே பாதி மூடியபடி இருக்கிறது. அவருக்குக் குறை இருக்கிறதா இல்லையா என்று நான் எப்படிச் சொல்ல முடியும்? நீங்கள் சொன்னதும் எனக்குப் போதாது.

பிரா விஷயம். 1968 செப்டம்பரில் அட்லாண்டிக் சிட்டியில் மிஸ் அமெரிக்கா போட்டிக்கு எதிரான போராட்டம். ஒரு குப்பைத் தொட்டியை வைத்து ஹை ஹீல்ஸ், இடுப்பை இறுக்கும் கர்டில், பொய் இமை, துடைப்பம், பிரா எல்லாவற்றையும் போட்டார்கள். மரப்பலகை நடைபாதை என்பதால் தீ வைக்க அனுமதி இல்லை, வைக்கவும் இல்லை என்றே ஏற்பாடு செய்தவர்கள் கடைசிவரை சொன்னார்கள். எரித்தார்கள் என்ற கதை பத்திரிகைகள் வழியேதான் பரவியது.

விவாகரத்து கூடியது உண்மை. 1960களின் நடுவிலிருந்தே விகிதம் ஏறியது. யார் மீதும் குற்றம் சாட்டாமலே பிரியலாம் என்ற சட்டம் கலிஃபோர்னியாவில் 1970இல் அமலுக்கு வந்தது. அதில் கையெழுத்திட்ட ஆளுநர் ரொனால்ட் ரீகன், அவரைப் பெண்ணியவாதி என்று உங்கள் நண்பர்கூடச் சொல்லமாட்டார். அந்தக் குப்பைத் தொட்டிக்குள் போனவற்றில் ‘லேடீஸ் ஹோம் ஜர்னல்’ இதழும் உண்டு. ‘இந்தத் திருமணத்தைக் காப்பாற்ற முடியுமா?’ என்று மாதாமாதம் அதில் ஒரு பத்தி வரும், மிகப் பிரபலம். 1970 மார்ச்சில் நூறு பெண்கள் போல அதன் ஆசிரியர் ஜான் மாக் கார்டரின் அறைக்குள் புகுந்து 11 மணி நேரம் உட்கார்ந்தார்கள். கடைசியில் ஆகஸ்ட் இதழில் எட்டுப் பக்கம் அவர்களுக்கு ஒதுக்க ஒப்புக்கொண்டார். அந்த எட்டுப் பக்கத்தில் ஒரு கட்டுரை, ‘இந்தத் திருமணத்தைக் காப்பாற்றத்தான் வேண்டுமா?’ என்பது. பழைய பத்தியையும் பத்திரிகை விடவில்லை. அதற்குப் பிறகும் பல வருடம் அது வந்துகொண்டிருந்தது.