பொரித்த எண்ணெய் அப்புறம் எங்கே போகிறது? – கேள்வி பதில்

ஆறு வருடமாகக் கோவைப் பக்கம் ஓட்டல்களில் பழைய எண்ணெய் எடுத்து, பயோடீசல் ஆலைக்கு அனுப்புகிறேன். வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

மெஸ் நடத்துகிறேன் அண்ணா. எண்ணெய் கறுத்தால்தான் மாற்ற வேண்டுமா?

நிறத்தை நம்பாதீர்கள் தம்பி. மசாலா உதிர்ந்தால் நல்ல எண்ணெயும் கறுக்கும். திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது உண்டாகும் போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயில் சமைக்கக் கூடாது. 2018 ஜூலையிலிருந்து இதுதான் விதி. எண்ணெயில் முக்கிப் பார்க்கும் மீட்டர் கிடைக்கிறது. பொரிக்க ஒரு நாளைக்கு 50 லிட்டருக்கு மேல் செலவானால் பதிவேடும் வைக்க வேண்டும்.

ஒருவர் ஆலை விலையைவிடக் கூடுதலாகத் தருகிறார். ஆனால் ரசீது கிடையாதாம். கொடுக்கலாமா?

தயவுசெய்து கொடுக்காதீர்கள். ஒரு கடையில் நான் போவதற்குள் வேறொருவர் எங்கள் கேனோடு சேர்த்து மொத்தத்தையும் வாங்கிப் போய்விட்டார். இரண்டு மாதம் கழித்து, நாங்கள் பெயிண்டில் போட்ட குறியோடு அந்தக் கேனை ஒரு தள்ளுவண்டிக்கு அடியில் பார்த்தேன். பக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார்கள். அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எடுக்க வருபவரிடம் அனுமதிச் சான்றைக் கேளுங்கள், ரசீது வாங்குங்கள்.

எண்ணெய் எப்படி டீசலாகிறது சார்? கெமிக்கல் இன்ஜினியரிங் இரண்டாம் வருடம் படிக்கிறேன்.

எண்ணெய் மூலக்கூறில் ஒரு கிளிசரின், அதில் தொங்கும் மூன்று கொழுப்பு அமிலச் சங்கிலிகள். காஸ்டிக் சோடா அல்லது காஸ்டிக் பொட்டாஷை வினையூக்கியாகப் போட்டு, மெத்தனாலோடு 60 டிகிரி வாக்கில் கலக்கினால் சங்கிலிகள் கிளிசரினை விட்டு மெத்தனாலோடு சேர்ந்துகொள்ளும். அதுதான் பயோடீசல். கிளிசரின் கனமாக அடியில் தங்கும். எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு.

பாடத்தில் இது சுலபம். ஆலையில் பாதித் தலைவலி அதற்கு முன்னாலேயே வந்துவிடும். பொரித்த எண்ணெயில் தண்ணீரும், கிளிசரினை விட்டுப் பிரிந்த கொழுப்பு அமிலமும் இருக்கும். அப்படியே வினையில் போட்டால் சோப்பாகிவிடும், அப்புறம் கிளிசரின் பிரியவே பிரியாது. அதனால் முதலில் கசடு வடிகட்டி, ஈரத்தைப் போக்கி, அமிலம் அதிகமிருந்தால் கந்தக அமிலத்தை வினையூக்கியாக்கி அதையும் எஸ்டராக, அதாவது பயோடீசலாக, மாற்றுவோம். கேனுக்குள் மழைத்தண்ணீர் விடாதீர்கள் என்று நான் கடைக்குக் கடை கெஞ்சுவது இதனால்தான்.

வீட்டிலேயே செய்து பார்க்கலாமா?

வேண்டாம் அக்கா. மெத்தனால் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும், பகல் வெளிச்சத்தில் அந்தத் தீ கண்ணுக்கே சரியாகத் தெரியாது. உடம்புக்குள் போனால் பார்வையே போகும். வீட்டு எண்ணெயை ஆறவைத்து, வடிகட்டி, பாட்டிலில் சேர்த்து வையுங்கள். சிங்க்கில் மட்டும் ஊற்றாதீர்கள்.

டிராக்டரில் நேரடியாக ஊற்றினால் என்ன? முதல் டீசல் இன்ஜினே கடலை எண்ணெயில்தான் ஓடியதாமே?

முதல் இன்ஜின் இல்லை ஐயா. 1900 பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் இன்ஜினைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். ஆனால் எண்ணெய் டீசலைவிடப் பல மடங்கு குழகுழப்பு. இன்றைய இன்ஜெக்டர் அதைச் சரியாகத் தெளிக்காது, கரி பிடித்துவிடும். ஊற்றாதீர்கள்.

இதில் விமானம்கூடப் பறக்கிறதாமே?

ஆமாம், ஆனால் வழி வேறு. மெத்தனாலுக்குப் பதில் ஹைட்ரஜன் செலுத்தி, எண்ணெயில் இருக்கும் ஆக்சிஜனை அகற்றுவார்கள். 2023 நவம்பரில் விர்ஜின் அட்லாண்டிக் விமானம் ஒன்று லண்டனிலிருந்து நியூயார்க் வரை பெட்ரோலிய எரிபொருளே இல்லாமல் பறந்தது. அதன் எரிபொருளில் பெரும்பகுதி கழிவுக் கொழுப்பிலிருந்து வந்தது. இந்தியன் ஆயிலின் பானிப்பட் சுத்திகரிப்பு ஆலையும் பழைய சமையல் எண்ணெயில் விமான எரிபொருள் தயாரிக்க 2025இல் சர்வதேசச் சான்று பெற்றிருக்கிறது.